குளிர் கீழிருந்து வந்தது

வெள்ளிக்கிழமை, மாலை 4.10. ஜெலுத்தோங்.

பதின்மூன்றாம் மாடியிலிருந்து மின்தூக்கியில் சாமான்களை இறக்க மூன்று நடை ஆயிற்று. இரண்டு துணித் தூளிகள், ஒரு பெரிய தார்ப்பாய், கயிறு, நான்கு கம்பளிகள், ஒரு பிளாஸ்க், கொசுவலை. பினாங்குத் தீவின் மேற்குப் பக்க மலையில் இரண்டு இரவு மரத்தில் தொங்கித் தூங்கிவிட்டு வருவதாகத் திட்டம். ஹேமக் என்று கடையில் சொல்லித்தான் விற்றார்கள், ஒன்று எண்பத்தைந்து வெள்ளி. இங்கே ரிங்கிட்டுக்கு வெள்ளி என்றுதான் பெயர். ஆனால் என் நண்பன் செல்வத்தின் மனைவி கலா அதைத் தூளி என்றுதான் சொன்னாள். எனக்கும் அந்தச் சொல்லே ஒட்டிக்கொண்டது.

"அண்ணே, ஐம்பத்தொரு வயசு ஆளுக்குத் தூளி. தாலாட்டு நீங்க பாடுவீங்களா?"

"பாடுவேம்மா. கேட்டா எழுந்து ஓடிருவான்."

"ஓடட்டும் லா. ஓடி அலுத்தாவது தூங்கட்டும்."

சிரிக்காமல்தான் சொன்னாள். காரின் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

எதற்காக இந்த மலை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செல்வம் இருபத்திரண்டு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தவன். புக்கிட் தெங்காவில், நானும் ஒரு காலத்தில் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலை, மாலை ஏழுக்கு உள்ளே போனால் காலை ஏழுக்கு வெளியே. அந்தப் பிரிவை மூடிவிட்டார்கள். இப்போது பத்து காவான் என்ற ஊரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பகல் வேலை, அவனுடைய உடம்புக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இரவு முழுக்க விழித்திருக்கிறான், பகலில் கண் சொருகுகிறது. நான் பினாங்கு வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, மத்தியானம் இரண்டு மணிக்கு, ஓடும் வண்டியிலேயே தூங்கிப்போயிருக்கிறான். வண்டி சரக்கு அடுக்கும் ஓர் இரும்புத் தட்டின் காலை வளைத்துக்கொண்டு நின்றது. கூட்டிப் பெருக்கும் ஓர் அம்மாள் அந்தக் காலுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தார். மேலாளர் அவனைக் கட்டாய விடுப்பில் அனுப்பினார். திங்கட்கிழமை வரலாம், இன்னொரு முறை கண் மூடினால் வரவேண்டாம்.

மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தான். அது இரவை விட்டுவிட்டுப் பகலைப் பிடித்துக்கொண்டது. தூளியில் படுத்தால் தூக்கம் ஆழமாக வரும் என்று யாரோ சொன்னதைக் கடைசிக் கயிறாகப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு ஞாயிறு காலை பத்து நாற்பதுக்கு விமானம். அதற்கு முன் அவன் ஓர் இரவாவது தூங்கிப் பார்க்க வேண்டும்.

மாலை 5.35. பாலேக் பூலாவ்.

இருபத்து நான்கு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை மாலையென்றால் தீவே சாலைக்கு வந்துவிடுகிறது. மலையைச் சுற்றி ஏறும் சாலையில் வளைவுக்கு வளைவு டுரியான் பழக் கடைகள். ஜன்னலை இறக்கினால் அந்த வாசனை உள்ளே வந்து பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. வண்டியை நான்தான் ஓட்டினேன். செல்வத்தின் கையில் சாவியைக் கொடுக்க கலா சம்மதிக்கவில்லை.

ஊர்ச் சந்திப்பில் ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாயும் தே தாரேக் என்கிற ஆற்றிய பால்தேநீரும். பதினோரு வெள்ளி. காரை அங்கேயே நிறுத்திவிட்டுத் நாங்கள் தங்கப்போகும் டுரியான் தோட்டத்துப் பிக்கப் வண்டியில் ஏறினோம். சிமெண்டுப் பாதை, ஐந்து கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். சில இடங்களில் வண்டியின் மூக்கு மட்டுமே தெரிந்தது, அதற்கப்பால் வானம்.

ஓட்டியவர் மைமூன் அக்கா. ஐம்பதைத் தாண்டிய தமிழ் முஸ்லிம் பெண்மணி, தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர். கணவர் கீழே டுரியான் கடையைப் பார்க்கிறார், இவர் மேலே மரங்களைப் பார்க்கிறார். தங்குவதற்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு முப்பது வெள்ளி.

"விழுந்தத சாப்பிடலாம். மரத்துல இருக்கறதத் தொடக்கூடாது," என்றார். "தூளிய டுரியான் மரத்துல கட்டாதீங்க. மூணு கிலோ, சுத்தி முள்ளு. போலீஸ் ஸ்டேசனுக்கு அலைய எனக்கு நேரமில்ல, தம்பி."

மாலை 6.50. கடலுக்கு மேலே ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு அடி.

சரிவில் டுரியான் மரங்கள். அவற்றின் அடியில் இடுப்புயரத்தில் வலைகளை விரித்துக் கட்டியிருக்கிறார்கள், பழம் தரையில் அடிபடாமலிருக்க. ஓரத்தில், காய்க்காமல் நின்ற இரண்டு ரம்புத்தான் மரங்களுக்கும் ஒரு சாதிக்காய் மரத்துக்கும் இடையில் எங்கள் இடம்.

கயிற்றை முதலில் விறைப்பாக இழுத்துக் கட்டினோம். நேராக இருந்தால் கட்டில்போல் இருக்கும் என்ற நினைப்பு. படுத்ததும் துணி இரண்டு பக்கமும் எழும்பித் தோளை நெரித்தது, நான் உறைக்குள் போட்ட கடிதமாகிவிட்டேன். அவிழ்த்து, தொய்வாக, நடுப்பகுதி நாற்காலி உயரத்துக்குத் தாழும்படி கட்டினோம். அதில் நீளவாட்டில் படுத்தால் முதுகு வில்லாக வளைகிறது. மூலைவாட்டில், தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிப் படுத்தால் துணி தானாகத் தட்டையாகிறது. இது எங்களுக்குப் பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் கடலில் வெளிச்சம் போய்விட்டது. கீழே மேற்குக் கரையின் வயல்கள் முதலில் பச்சையாக, பிறகு நீலமாக, பிறகு ஒன்றுமில்லாமல்.

செல்வம் தார்ப்பாயை மிகத் தாழ்வாக இழுத்துக் கட்டினான். மூக்குக்கு ஒரு சாண் மேலே பாய்.

"ஏன்டா இவ்வளவு தாழ்வா?"

"செஜோக் மச்சான். மலைக் குளிரு. மேல நல்லா அடைச்சிரணும்."

பிறகு மூன்று கம்பளிகளை மேலே போட்டுக்கொண்டு, தொழிற்சாலை ஜாக்கெட்டையும் மாட்டிக்கொண்டு, தலையில் குல்லாயோடு படுத்தான். எனக்கு ஒரு கம்பளி. காரைக்காலிலிருந்து வந்தவனுக்கு அதுவே அதிகம் என்று தோன்றியது.

அதிகாலை 2.20.

நடுநிசியில் தூறல் வந்து போனது. அதன் பின்னால் சரிவைத் தடவிக்கொண்டு ஒரு காற்று ஏறிவந்தது. கைக்கடிகாரத்தின் வெப்பமானி இருபத்தொன்று காட்டியது. இருபத்தொரு டிகிரி ஒரு குளிரா என்று நம் ஊரில் மார்கழி விடியலில் வாசல் தெளிப்பவர்கள் கேட்பார்கள். தரையில் படுத்தவனுக்குக் குளிரில்லை. தூளியில் படுத்தவனைக் கேளுங்கள். நெஞ்சு வியர்க்கிறது, முதுகு ஐஸ்பெட்டியில் கிடக்கிறது. புரண்டு படுத்தால் இப்போது விலா. ஒரே உடம்பில் இரண்டு ஊர்.

எழுந்து பார்த்தேன். செல்வத்தின் தூளி காலியாகத் தொங்கியது. கொஞ்சம் தள்ளி, தோட்டத்துக் குடிசை முன் விளக்கடியில், அவன் மைமூன் அக்காவோடு வலைகளிலிருந்து டுரியான் பொறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தான். பருவத்தில் பழங்கள் இரவில்தான் அதிகம் விழும். அக்காவுக்கும் அது வேலை நேரம்.

என்னைப் பார்த்து அவன் சிரித்தான். "நைட் ஷிப்ட்டு, மச்சான். ஆள் பத்தலயாம்."

அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. அவனுடைய கைகள் வேகமாக, தெளிவாக, சந்தோஷமாகக்கூட இயங்கின. அந்த உடம்பு தன் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தது. விடிந்ததும் அது தூங்கும். திங்கட்கிழமை மத்தியானமும் தூங்கும்.

சனிக்கிழமை, காலை 7.45.

தூங்கத்தான் போனான். தூளியில் காலை வைத்தவனை அக்கா தகரக் கூடையைத் தட்டி எழுப்பினார்.

"என்ன தம்பி, ராத்திரி தூங்கணும்னுதான வந்தீங்க? இப்பப் படுத்தா ராத்திரி எனக்குத்தான் லாபம், கூலியில்லா ஆள். எழுந்திரிங்க."

"குளிரு அக்கா. மூணு கம்பளி போட்டும் தாங்கல."

"மூணும் எங்க போட்டீங்க?"

"மேலதான்."

"கீழ?"

"கீழ என்ன... கீழ காத்துதான்."

அக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அதத்தான் நானும் சொல்றேன்," என்றார்.

செல்வம் தூளியின் அடியில் கையை வைத்துப் பார்த்தான். காகிதம் போன்ற துணி, அதன் கீழே காற்று. கையை எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றான்.

"மச்சான், நம்ம லைன்ல என் ஸீட்டுக்கு மேல ஏர்கோன் ஓட்டை ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? நான் அட்டை வெச்சு ஒட்டுவேன், சூப்பர்வைசர் பிச்சிப் போடுவாரு, திரும்ப ஒட்டுவேன். இருபத்திரண்டு வருசம். குளிருன்னா தலைக்கு மேலருந்து வர்றதுன்னே நெனச்சிட்டேன்டா."

இந்தத் தீவில் பிறந்தவர்களுக்கு அப்படித்தான். பனி இல்லை, மார்கழி இல்லை. அவர்கள் அறிந்த குளிரெல்லாம் கூரையில் ஓட்டை போட்டு இறக்கப்பட்டது: பேருந்தில், வங்கியில், பேரங்காடியில், தொழிற்சாலையில். அதனால் மேலே அடைக்கிறார்கள். நான் மட்டும் என்ன, இரவெல்லாம் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டுதானே கிடந்தேன்.

கம்பளி சூடு தருவதில்லை, நம் சூட்டைத் தன் இழைகளுக்குள் இருக்கும் காற்றில் பிடித்து வைக்கிறது. முதுகின் எடையில் அது நசுங்கினால் காற்றும் போயிற்று, சூடும் போயிற்று. ஆகவே தூளிக்குள் முதுகின் கீழே கம்பளியை விரித்தாலும் பாதிப் பயன்தான். அது தூளிக்கு வெளியே, அடியில், நசுங்காமல் முதுகைத் தொட்டுக்கொண்டு தொங்க வேண்டும். தொங்கவிட எதில் கட்டுவது?

அக்கா குடிசைக்குப் பின்னாலிருந்து ஒரு பழைய டுரியான் வலையை இழுத்து வந்தார். "இது மூணு கிலோவ நூறடியிலருந்து தாங்கும். உங்க கம்பளியத் தாங்காதா?"

முதல் முறை வலையைத் தாழக் கட்டினோம். கம்பளிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, காற்று அதில் குடித்தனம் நடத்தும். இரண்டாவது முறை ஏற்றிக் கட்டினோம், படுத்ததும் நசுங்கியது. மூன்றாவது முறை செல்வமே கட்டினான். ஓரங்களை மட்டும் இறுக்கி, நடுவைத் தளர விட்டு, வலையில் இரண்டு கம்பளிகளை உதறி உப்பலாகப் பரப்பி, அவற்றின் கீழே காய்ந்த இலை நிரப்பிய ஒரு சாக்கு. தலைமாட்டிலும் கால்மாட்டிலும் காற்று நுழையாமல் சுருக்கு. என்னைப் படுக்கச் சொல்லி, கீழே மண்டியிட்டு, வலைக்கும் முதுகுக்கும் நடுவே கைவிட்டுப் பார்த்தான். உள்ளங்கை நுழைந்தது, முஷ்டி நுழையவில்லை. "ஓக்கே," என்றான். அளவு பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

எனக்கு வலை மிச்சமில்லை. அக்கா பிக்கப்பின் முன்கண்ணாடியில் வெயிலுக்கு வைக்கும் வெள்ளித்தாள் மறைப்பைக் கொடுத்தார். அதைத் தூளிக்குள் போட்டு மேலே படுத்தால் சூடு திரும்பி முதுகுக்கே வருகிறது. அசைந்தால் அப்பளம் நொறுங்குவது போல் சத்தம் மட்டும் கேட்கும்.

இரவு 8.15.

பகல் முழுக்க அக்கா அவனை வேலை வாங்கினார். கூடை தூக்கினான், வலை தைத்தான், கத்தி தீட்டினான். நான்கு மணிக்குச் சாதிக்காய் மரத்தில் சாய்ந்து கண் மூடியவன் மேல் ஒரு சிறு கல் வந்து விழுந்தது. எறிந்தவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது சுடுசோறும் நெத்திலிச் சம்பலும். தூளியில் வெறும் வயிற்றோடு படுக்கக்கூடாது, உடம்பு எரிக்க ஏதாவது வேண்டும். ஈரச் சட்டையோடும் படுக்கக்கூடாது. பகல் வியர்வை இரவில் பனியாகிவிடும். உலர்ந்த பனியன், உலர்ந்த காலுறை, ஒரு புட்டியில் வெந்நீர். இவை எல்லாவற்றையும் செல்வம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறவன்போல் எடுத்து வரிசையாக வைத்தான். வைத்துவிட்டுப் பேசினான்.

"அன்னைக்குக் கிடங்குல கூட்டிக்கிட்டிருந்த அந்த இந்தோனேசியக்காரம்மா, மச்சான். இடிச்சிருந்தா போயிருப்பாங்க. மறுநாள் லாக்கர் சாமான் எடுக்கப் போறேன், ஒரு பாக்கெட் பிஸ்கட்டக் கையில குடுக்கறாங்க. 'நல்லா சாப்பிடுங்க ஐயா, பசி மயக்கமா இருக்கும்'னு. திட்டியிருந்தா தாங்கிருப்பேன்."

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் நானும் அந்தத் தொழிற்சாலையில் மூன்று வருடம் ஒப்பந்த வேலை பார்த்தேன். விடுதியில் எங்கள் இருவருக்கும் ஒரே மெத்தை. அவன் வேலைக்குப் போனால் நான் படுப்பேன், நான் போனால் அவன். இரவையும் பகலையும் மாதம் மாற்றி மாதம் பங்கிட்டுக்கொண்டோம். எப்போது படுத்தாலும் மெத்தை சூடாகவே இருக்கும். பிறகு நான் ஊருக்குத் திரும்பினேன். கூடுதல் படி கிடைக்கும் என்று அவன் இரவை மட்டும் எடுத்துக்கொண்டான். கல்யாணமாகி இரண்டாவது வாரமே இரவு வேலைக்குப் போனவன்.

"கலா சொல்லுவா," என்றான். "வேலை போனா பரவால்ல, வேற பாத்துக்கலாம்னு. அவளுக்கு அது பிரச்சினை இல்ல. ராத்திரில கட்டில்ல ஓர் ஆளு முழிச்சிக்கிட்டுக் கெடக்கறதுதான் சூசா, அதான் கஷ்டம். ஒளிஞ்சி கிச்சன்ல போயி உக்காந்துக்குவேன்."

இரவு 9.50.

படுத்தோம். இரண்டு தூளிக்கும் நடுவில் ஆறு அடி இருட்டு.

"முதுகு எப்படிடா இருக்கு?"

"முதுகு இருக்கறதே தெரியல."

கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கிழம என்னாகும், மச்சான்?"

"தெரியலடா."

அவன் சிரிக்கும் சத்தம் கேட்டது. "பொய்யாவது சொல்லேன்."

நான் ஒரு பொய்யைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் அந்தப் பக்கம் மூச்சு மாறிவிட்டது. நீளமாக, சற்றே கரகரப்பாக. கூப்பிடவில்லை. என் வெள்ளித்தாள் நொறுங்கிவிடும் என்று புரளக்கூட இல்லை. ஒரு மணிக்கு மழை வந்தது, காற்று ஏறியது, எங்கோ ஒரு வலையில் பழம் விழுந்து துள்ளியது. ஒவ்வொன்றுக்கும் அவனுடைய கயிறு முனகுகிறதா என்று காதை நீட்டினேன். முனகவில்லை. என் முதுகும் சூடாகத்தான் இருந்தது. அன்று தூங்காதவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை 5.50.

அக்கா பழங்களோடு கடைக்கு இறங்கும் நேரம். நான் அந்த வண்டியில் போனால்தான் பாலேக் பூலாவில் வாடகைக் கார் பிடித்து, பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விமான நிலையத்துக்கு நேரத்தில் சேர முடியும். செல்வத்தை மத்தியானம் அக்கா இறக்கிவிடுவார், காரைக் கலா வந்து எடுத்துக்கொள்வாள். பையை எடுத்துக்கொண்டு அவன் அருகில் போனேன்.

கொசுவலைக்குப் பின்னால் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை நெற்றியில், மற்றொன்று மார்பில். காலுறையில் ஒன்று எப்படியோ கழன்றிருந்தது. மாட்டிவிட்டால் விழித்துக்கொள்வான். தார்ப்பாயின் ஓரத்தில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

யாரிடமும் போய் வருகிறேன் என்று சொல்லாமல் நான் புறப்பட்டதில்லை. நிறைய ஊர்களைவிட்டுப் புறப்பட்டவன் நான், ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவன். சொல்லிக்கொண்டு கிளம்புவது ஒன்றே எனக்கிருந்த ஒழுங்கு. ஊரில் என் வீட்டில் பகலில் பஞ்சு மெத்தையில் புரண்டு, இரவில் ஒன்பது மணிக்குக் குறட்டை விடுகிறவன் நான். தூக்கம் எனக்கு வெந்நீர்க் குழாய் மாதிரி, திருப்பினால் வரும். அதை ஒரு மனிதன் மலை ஏறிவந்து வலை கட்டிப் பிடித்ததை இப்போதுதான் பார்க்கிறேன். ஓர் இரவுதான். நாளை என்ன என்று இந்த மரங்களுக்கும் தெரியாது. வாயைத் திறக்காமல் திரும்பி நடந்தேன்.

வண்டியில் ஏறியதும் அக்கா கேட்டார்: "தூங்குறாரா?"

தலையாட்டினேன்.

அவர் சாவியைத் தொடவில்லை. கியரை எடுத்துவிட்டு, பிரேக்கை மெல்ல விட்டார். பழங்களின் பாரத்தில் வண்டி தானாகவே சரிவில் உருளத் தொடங்கியது. டயரின் கீழே ஈர இலைகள், பிரேக்கின் சிறு உராய்வு, வேறு ஓசை இல்லை. விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு முதல் வளைவுவரை அப்படியே இறக்கி, ஓரமாக நிறுத்தினார்.

மேலே இல்லாத சிக்னல் அந்த வளைவில் வந்தது. வந்ததும் கைப்பேசி அதிர்ந்தது. கலா.

"அண்ணே, எப்படி இருக்காரு?"

"தூங்கறான்மா."

"இப்பவா?"

"ராத்திரி பத்துலருந்து."

மறுமுனையில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"எழுப்பாமத்தான வந்தீங்க?"

"எழுப்பல."

"சரிண்ணே," என்றாள். குரல் திடீரென்று தளர்ந்துபோயிருந்தது, நெடுநேரம் எதையோ தூக்கி நின்றவள் இறக்கி வைத்தாற்போல். "அப்ப நானும் போயி கொஞ்சம் படுக்கறேன்."

அக்கா காத்திருந்தார். நான் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்ட பிறகுதான் சாவியைத் திருப்பினார்.